அறுபத்தேழாம் வருடத்துக் காட்டுப்பூனை

சவுனா அறையில், பலகைக்கு அடியில்,
ஊறவைத்த மீன் விற்ற ஜாடியில் இருந்தன.
தூக்கப்போன ரெய்னோவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.
அப்பா விட்டுப்போனதில்
கனமாக இருந்தது இது ஒன்றுதான்.

அறுபத்தாறும் அதற்கு முந்தியவையும்
தகராறு இல்லை.
பத்துக்கு எட்டுப் பங்கு வெள்ளி.
உனக்கொன்று எனக்கொன்று என்று
சமையலறை மேசையில் இரண்டு குன்றுகள் எழுந்தன.
வெளியே சட்பரியின் தெருவில்
பனிமேல் மணல் இறைத்துக்கொண்டே
நகராட்சி வண்டி போய்வந்தது.

அறுபத்தெட்டு வந்ததும் கை மெதுவானது.
அந்த வருடம் நாணயச்சாலைக்கு இரண்டு மனம்:
முதலில் பாதி வெள்ளி,
பிறகு வெள்ளியே வேண்டாம், நிக்கல் போதும்.
கலைமான் ஒன்றே, கொம்பு ஒன்றே,
ராணியின் கழுத்தும் ஒன்றே.
லாரிப் பட்டறையில் ஆணி பொறுக்கும் காந்தக்கோலை
ரெய்னோ சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.
வெள்ளி கிடந்தபடி கிடந்தது.
நிக்கல் துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது,
பேரைச் சொன்னதும் ஓடிவரும் பிள்ளை மாதிரி.

நாற்பத்துமூன்று ஒட்டின.
"நல்லா ஏமாந்திருக்கார்" என்றான்.
முப்பத்தொரு வருடம் உருக்காலையில்
நிக்கலோடு கிடந்த மனிதர்.
துப்பினால் எச்சிலிலும் இருந்திருக்கும்.
அவருக்கா தெரியாது?
தன் கைப்பட்ட உலோகம் என்று
தெரிந்தேதான் வைத்திருப்பார்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும்.
அப்பா அப்படி அழகான ஆள் இல்லை.
வீட்டில் ஒரு காந்தம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

மிச்சம், அறுபத்தேழு.
தேசத்துக்கு நூறு வயது என்று
ராணியின் முதுகுப்புறம் பிராணிகளை ஏற்றிய வருடம்.
பத்து சென்ட்டில் கானாங்கெளுத்தி,
இருபத்தைந்தில் காட்டுப்பூனை.
முன்னால் அடித்தவை எட்டுப் பங்கு;
வெள்ளி விலை ஏறியதும்
பின்னால் அடித்தவை ஐந்து.
அச்சு அதே. எடையும் அதே.
காந்தம் இரண்டையும் சட்டை செய்யாது.
மேசையில் சுண்டினால்
அவன் காதுக்கு ஒரு மணி, என் காதுக்கு வேறு மணி.

தண்ணீர்தான் சொல்லும்.
வெள்ளி கூடியது கொஞ்சம் ஒடுங்கியிருக்கும்,
குறைவாகத்தான் இடம் கேட்கும்.
தையல் நூலில் கட்டி,
தராசின் மேல் வைத்த குவளை நீரில்
அடி தொடாமல் தொங்கவிட்டோம்.
ஒரு கிராமை நூறாக உடைத்தால்
வித்தியாசம் அதில் நாலு.
ரெய்னோ மூச்சுவிட்டால் எண் தாண்டுகிறது.
ஹீட்டர் ஊதினால் தாண்டுகிறது.
அணைத்தேன்.
மைனஸ் இருபத்தாறு.
கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்,
அடக்கத்துக்குப் பிறகு முதல் முறையாக
பேசாமல், ஆனால் கோபமில்லாமல்.

ஐம்பத்தேழு. அறுபது. அறுபது. ஐம்பத்தேழு.

"நீயும் அறுபத்தேழுதானே,
எந்த மாதம்?"
செப்டம்பர்.
"அப்போ பாதிதான்."
முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் தடியன்.
நானும் தண்ணீர் கண்டவள்தான்;
நெற்றியில் தெளித்த போதகர்
எடை பார்க்கவில்லை.

பத்தரைக்குக் கிளம்பினான்,
தன் பங்கைக் கம்பளிக் காலுறையில் முடிந்துகொண்டு.
நிக்கலை இருவரும் கேட்கவில்லை.
ஜாடிக்கே திரும்பியது,
மீன் வாசனைக்கு.

கடைசிப் பூனை இன்னும் நூலில் இருக்கிறது.
ஐம்பத்தெட்டு என்கிறது, ஐம்பத்தொன்பது என்கிறது.
ஹீட்டரைப் போட்டேன்.
குவளைக்குள் அது மெல்லத் திரும்புகிறது,
ராணி, பூனை,
ராணி.