மணிக்கணக்கு

எங்கள் தன்னார்வத் தீயணைப்புச் சங்கத்தில்
பதினேழு பேர்.
பதினாறு பேருக்குத் தலைக்கவசம்.
எனக்குப் பேரேடு.

பகலெல்லாம் கம்பளிக் கிடங்கில் மூட்டை எடை எழுதுகிறேன்,
செவ்வாய் இரவில் இங்கே.
பத்தகோனியாவின் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து
ரசீதுகளைத் தானே புரட்டிப் பார்க்கும்.
மேலே ஒரு குதிரை லாடம் வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் எலுனெட் பியூ ஓர் உறை கொண்டுவந்தாள்.
மின்சாரம் போன இரவில் சங்கு ஊதாமல்
அவள் கொட்டகை எரிந்து பல வருடம்.
உறையின் மேல்:
‘மணி வாங்க. மணிக்கு மட்டும்.’
‘மட்டும்’ என்பதன் கீழ் இரண்டு கோடு.
ஏப்ரலில் அவள் இறந்துபோனாள்.
கோடுகள் இருக்கின்றன.

பணம் எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும்.
செயலாளர் ஆப்பிள் பறிக்க வடக்கே போயிருந்தார்.
எங்கள் நாட்டில் பணம்
பெட்டிக்குள் இருந்தபடியே செலவாகும்;
பூட்டு உடையாது, வட்டி குட்டி போடும் முன்பே
விலைவாசி வந்து தாயைத் தின்றுவிடும்.
மார்ச்சில் அந்த உறைக்குள் ஒரு முழு மணி இருந்தது.
ஜூனில் வார்ப்படக்காரன் தொலைபேசியில் சிரித்தான்:
‘அரை மணி வேண்டுமானால் தரலாம், அம்மா.’

தலைவர் நாவெல்பான் மேசையில் குனிந்தார்.
‘நெலிடா, பம்பின் வால்வு ஒழுகுகிறது.
மணியை யார் கேட்டது, தண்ணீர்தானே வேண்டும்?
கடனாக எடு. குலுக்கல் சீட்டுப் பணத்தில் திருப்பி வைப்போம்.’

பற்று என்று ஒரு பக்கம் எழுதுகிறோம்,
வரவு என்று மறுபக்கம்.
எனக்கு எலுனெட் மேல் பெரிய பற்று இல்லை,
வாசலில் என் நாயை விரட்டியவள் அவள்.
அந்த இரண்டு கோடுகள் மேல்தான்.
முடியாது என்றேன்.
இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.
வால்வைச் சைக்கிள் டியூபால் கட்டினார்கள்.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான்
செபுல்வேதாவின் கோழிக்கூடு எரிந்தது.
குழாயில் தண்ணீர் வந்தது, முழங்கால் உயரத்துக்கு.
பதினோரு கோழிகள்.
இதை எந்தத் தலைப்பில் எழுத?

ஜூலையில் எம்பனாடா விற்றோம், நானூற்றுப் பன்னிரண்டு.
மாவு, எண்ணெய், இறைச்சி கழித்து மிஞ்சியதில்
ஒரு வால்வு.
ஆகஸ்டில் மணிப் பணத்தை மறுபடி எண்ணினேன்.
மணியின் நாக்குக்கு மட்டும் போதும்.
வாங்கினேன்.
பஸ்ஸில் வந்தது, செய்தித்தாள் சுற்றி,
மூன்று கிலோ இரும்பு.

தணிக்கைக்கு வந்த கிரிசெல்டா
கண்ணாடியைக் கழற்றினாள்.
‘சொத்து: நாக்கு, ஒன்று. மணி எங்கே?’
‘வரும்.’
அவள் பென்சிலால் எதையோ எழுதி
அழித்துவிட்டாள்.

செப்டம்பரில் காற்று மின்கம்பத்தைச் சாய்த்த இரவு,
பள்ளிக்கூடப் புகைபோக்கியில் தீ.
சங்கு ஊமை.
நாவெல்பான் உள்ளே ஓடிவந்து
என் அலமாரியிலிருந்து நாக்கைப் பிடுங்கிப் போய்
வெளியே கிடந்த காலி எரிவாயு உருளையை
அடித்தார், அடித்தார்.
செருப்பு மாறிப் போட்டபடி பதினான்கு பேர் வந்தார்கள்.

திரும்பி வந்து அதைப் பேரேட்டின் மேல் வைத்தார்.
முனையில் துரு, சிவப்பு வண்ணம்.
‘கணக்கில் ஏற்று’ என்றார்.

மணிக்கான பக்கத்தைத் திறந்தேன்.
இருப்பு: நாக்கு.
தேய்மானம்: ஓர் இரவு.

கோழிகளுக்கு இன்னும் தலைப்பு கிடைக்கவில்லை.