இரண்டு வரிக்கு மேல் கூடாது

பி. எஸ். வைரக்கண்ணு
முப்பத்தெட்டுப் படங்களில் செத்திருக்கிறார்.
அதில் இருபத்தாறு சாவுக்கு
மலாயில் அடிவரி போட்டவள் நான்.
அங்காசாபூரி, மூன்றாம் மாடி, ஏர்கோன் ஒழுகும் அறை.
சனிக்கிழமைப் படம்.
இரண்டு வரிக்கு மேல் கூடாது.
நாலு வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது.

மலையுச்சியிலிருந்து, கிணற்றில், தண்டவாளத்தில்,
ஒருமுறை தான் வளர்த்த யானையின் காலில்.
விழும்போது "அடேய்" என்பார்.
அடேய்க்கு மலாயில் சொல் இல்லை.
அவர் பாதி மலை இறங்கும்வரை யோசித்துவிட்டு
காலியாக விட்டுவிடுவேன்.
சிரிப்புக்கும் அப்படித்தான்.
அவர் சிரித்து முடிப்பதற்குள்
கீழே போய்த் தேத்தண்ணி வாங்கி வந்துவிடலாம்.

அறுபத்து நாலில் கலைநிகழ்ச்சிக்கு இங்கே வந்தாராம்.
மஸ்ஜித் இந்தியா கடையொன்றில்
மகளுக்குச் சட்டைத்துணி கேட்டிருக்கிறார்.
கல்லாவிலிருந்த மைமூன்பீ
"குடிசையைக் கொளுத்தினவனுக்கு இங்கே துணி இல்லை" என்று
கத்திரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.
அவர் கைகூப்பிவிட்டு
எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டார்.
கெஜத்துக்கு ஒரு வெள்ளி கூட, என்று மட்டும்
கார் ஓட்டிய முனியாண்டிப்பிள்ளையிடம் சொன்னாராம்.
முனியாண்டிப்பிள்ளை என் மாமனார்.
கதையைச் சொல்லும்போதெல்லாம்
அந்த ஒரு வெள்ளி ஏறிக்கொண்டே போகும்.

நல்லவராக ஒரே ஒரு படம்.
பெண்ணைப் பெற்றவர். மேல்துண்டை இடுப்பில் கட்டி
பந்தி நெடுகக் குனிந்து குனிந்து சொல்வார்:
"சாப்பிட்டுத்தான் போகணும்."
செந்தூல் கொட்டகையில் எவனோ கத்தினானாம்,
சாப்பிடாதீங்க, விஷம்!
படம் ஒரு வாரம் தாங்கவில்லை.
அவர் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.
வீட்டுக்கடன் இருந்திருக்கும். யாருக்குத்தான் இல்லை.

போன செவ்வாய்க்கிழமைப் பேப்பரில்,
ரப்பர் விலைக்குக் கீழே, இறந்த செய்தி.
கட்டிலில். தூக்கத்தில்.
அதுவும் இரண்டு வரிதான்.

எந்தப் படம் போடலாம், என்றார் ரோஸ்லான்.
கொள்ளைக்காரப் படமா?
கல்யாணப் படம், என்றேன்.

சனிக்கிழமை இலை விரிந்தது. குனிந்தார்.
மாக்கான் டூலு, பாரு பாலேக்.
நாலாவது வினாடியில் எடுத்திருக்க வேண்டும்.
பெண் காரில் ஏறி அழும்போதும்
அந்த வரி திரையடியில் நின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
இயந்திரக் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு
கேன்டீனுக்குப் போனேன்.
அன்றைக்கு மீன்தலைக் கறி.