கழித்தல் குறி

துய்ஸ்கு லஹ்தி என்று தட்டினேன்.
லஹ்தியில் நாளை பனிப்புயல் என்றது.

அதன்மேல் தப்பில்லை.
எங்கள் மொழியில் துய்ஸ்கு என்றால் பனிப்புயல்.
லஹ்தி என்றால் விரிகுடா,
அந்தப் பெயரில் ஒரு நகரமும் உண்டு.
பெற்றவர்கள் மகளுக்குப் பெயர் வைத்தபோது
ஐம்பது வருஷம் போய்
கெமி துறைமுகத்து எடைமேடைக் கூண்டில்
இரவுப் பணிக்காரி ஒருத்தி
அவளைத் தேடுவாள் என்று
யோசித்திருக்க வாய்ப்பில்லை.

நானூறு மார்க்.
தொண்ணூற்றெட்டு அக்டோபர்,
துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் கப்பலின் சமையல்கூடம்.
என் கடைவாய்ப் பல்லுக்காகக் கொடுத்தாள்.
நான் கேட்காமலே கொடுத்தாள்,
திருப்பிக் கேட்காமலே இறங்கிப் போனாள்.
மார்க் என்ற காசே இப்போது கிடையாது.

இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டேன்,
சந்தைக் கூட்டத்தில் பிரிந்துவிடாதபடி
இரண்டு பிள்ளைகளைக் கைகோக்க வைப்பதுபோல.
புயல் தணிந்தது.
வந்தவள் பதினேழு வயது ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்.
அவளுக்கே நாற்பது பக்கம்.
நன்றாக இரு, பெண்ணே. நீ இல்லை.

ஐமோவின் லாரி பைன் மரத்தை இறக்கிவிட்டு
காலியாக மேடை ஏறியது.
சுமையோடு எடைபோட்டதில்
வெறும் லாரியைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் மரம்.
பத்தொன்பது வருஷமாகச் செய்கிற வேலை,
இன்றைக்குத்தான் உறைத்தது.
கழித்தல் குறி, இடைவெளி விடாமல், ஹாக்கி.
கழித்தல் குறி, வானிலை.
கழித்தல் குறி, பேருந்து.
வேண்டாததைச் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றாக வாய் மூடிக்கொண்டது.
கடைசியில் எதுவுமே இல்லை.
திரையிலும் வெள்ளை, ஜன்னலிலும் வெள்ளை.

மூன்றரை மணிக்குப் புத்தி மழுங்கி
முழுக் கேள்வியாகவே எழுதினேன்:
கப்பலில் என்னோடு வேலை பார்த்து
எனக்குப் பணம் கொடுத்த துய்ஸ்கு
இப்போது எங்கே இருக்கிறாள்?
உடனடிக் கடன் தரும் கம்பெனிகள்
பதினொன்றைக் காட்டியது.

காபி ஆறிவிட்டது. ஆறியதையே குடித்தேன்.
கேள்வியில் இருப்பதெல்லாம் என் சொற்கள்.
அவள் இருக்கிற பக்கத்தில்
கப்பல் இருக்காது, கடன் இருக்காது,
என் பல் இருக்கவே இருக்காது.
அதை எழுதியவர் வேறு யாருக்கோ
வேறு எதையோ சொல்ல எழுதியிருப்பார்.
அந்த வாய் எப்படிப் பேசும்?

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.
வேலை முடிந்ததும் ஈரத்தலையோடு
மேல்தளத்துக் காற்றில் போய் நிற்பாள்.
குளிர் போதவில்லை என்பாள்.
ரவுமாவில் அம்மா இருப்பதாக ஒரு தடவை சொன்னாள்.
கத்தியைத் தொட்டி நீருக்குள் போட்டால் மட்டும்
எத்தனை தடவை சொல்வது என்று சீறுவாள்.

கல்யாணத்தில் பெயர் மாறியிருக்கலாம்.
பெயரையே எடுத்துவிட்டேன்.
ரவுமா. பனியில் வெட்டிய குளியல் துளை.
சங்கம். சாவி.
இவ்வளவுதான்.

முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.
மூன்றாவதில் அடியிலிருந்து நான்காவது,
குளிர்கால நீச்சல்காரர்களுக்கு ஓர் அறிவிப்பு:
சௌனா சாவி துய்ஸ்கு ஹக்காலாவிடம்.
மாலை ஏழுக்கு முன் மட்டும் அழைக்கவும்.
ஏணியில் துண்டைத் தொங்கவிடாதீர்கள்,
உறைந்து ஒட்டிக்கொள்ளும்,
எத்தனை தடவை சொல்வது.

அந்தக் கடைசி வரியை
மேற்கோள் குறி இல்லாமலே
அவள் குரலில் கேட்டேன்.

நானூறு மார்க் எத்தனை யூரோ என்று
சும்மா தட்டிப் பார்த்தேன்.
கண்ணிமைப்பதற்குள் சொன்னது:
அறுபத்தேழும் சில்லறையும்.
வட்டி போட்டுச் சொல்லவில்லை.

எடைச்சீட்டின் பின்பக்கம் எண்ணை எழுதிக்கொண்டேன்.
மணி ஐந்து ஆகப்போகிறது.
ஹாரன் அடிக்கிறான் ஐமோ.
மறுபடி சுமையோடு வந்திருக்கிறான்.