ஒரு நூல் இடம்

நூற்று அறுபத்தைந்து இருந்த இடத்தில்
இருநூற்றைந்து.
நாற்பது மில்லிமீட்டர் கூடுதல் ரப்பரை
அறுபத்தாறாம் வருடத்து வோல்வோவின்
இடுப்புக்குள் நுழைக்கப் பார்க்கிறோம்.
எள் போட இடமில்லை என்கிறது தகரம்.

ஹேர்னுசாண்டில் மே மாதம்.
வடக்குக் கூரையில் கடைசிப் பனி சொட்டுகிறது.
கராஜுக்குள், காருக்கடியில்,
மல்லாந்து கிடக்கிறான் ஹோக்கன்,
என் முன்னாள் கணவன்.

வீட்டைப் பிரித்தோம். படகைப் பிரித்தோம்.
துவாவின் வாரங்களை
ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம்.
இந்தக் கார் மட்டும் இரண்டு பேர் பெயரிலும்
அப்படியே நின்றுபோனது.
விற்றுவிடலாம் என்று ஒருவர் வாயெடுக்கும்போதெல்லாம்
மற்றவருக்கு அதில் ஏதோ ஒரு பழுது
ஞாபகத்துக்கு வரும்.

அகல டயர் அவன் ஆசை.
அளவு என் வேலை.

துவாவின் பச்சைக் களிமண்ணைக்
கேட்காமல் எடுத்துவந்து
விரல் தடிமனுக்கு உருட்டி
மட்கார்டின் உள்விளிம்பில் ஒட்டினேன்.
டயர் தொட்டால் களிமண் காட்டிக்கொடுக்கும்.

நிற்கும்போது எந்தக் காரும் சாதுதான்.
பாரம் ஏற வேண்டும்.
டிக்கியில் நான்கு மணல் மூட்டை,
பனிக்காலத்தில் மிஞ்சியவை.
போதவில்லை.
நீ போய்ப் பின்சீட்டில் உட்கார் என்றேன்.
தொண்ணூற்றெட்டுக் கிலோ என்றான்.
ஸ்பிரிங் அதை நம்பவில்லை.

மரவாடி தாண்டி, துறைமுக வளைவில்
மூன்றாம் கியரில் திருப்பினேன்.
காதோரம் கொசு போவதுபோல் தொடங்கி
தகரம் பல்லைக் கடிப்பதுபோல் முடிந்தது.
கருகிய ரப்பர் வாசனை.
என் பக்கம் ஒன்றுமில்லையே என்றான்
இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன்,
அந்தச் சத்தத்தை நான் போட்டதுபோல.

உரசல்.
குடும்ப ஆலோசகர் எங்கள் கோப்பில்
எழுதிய சொல்லும் இதுதான்.
எந்தப் பக்கம் என்று அவர் குறிக்கவில்லை.

திரும்பிவந்து அளந்தேன்.
இடப்பக்கம் பதினான்கு மில்லிமீட்டர். வலப்பக்கம் எட்டு.
அச்சு நடுவில் இல்லை!
குறுக்கே ஓடும் ஒரே ஒரு தண்டு,
ஒரு முனை உடம்பில், மறு முனை அச்சில்;
கார் தாழத் தாழ
அச்சை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே போகிறது.
தொழிற்சாலையை விட்டு வந்த அன்றிலிருந்தே இப்படி.
ஒல்லி டயர் இருந்தவரை
யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

ஹேர் டிரையரால் பெயிண்டைச் சூடுகாட்டினேன்.
அவன் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே
பந்தடிக்கும் மட்டையைச் செருகிப் பிடித்தான்.
தள்ளு. நிறுத்து. தள்ளு என்றேனா?
சரி, இப்போது தள்ளு.
நான்கு வருடத்தில் எங்களுக்குள்
இவ்வளவு நீளமான பேச்சு இதுதான்.
விளிம்பு உள்பக்கமாக மடிந்தது,
புத்தகத்தில் பக்க ஓரம் மடிவதுபோல்.
ஓரிடத்தில் பெயிண்ட் வெடித்தது,
கட்டைவிரல் நகமளவு.
இருவரும் பார்த்தோம்.
சூடு போதாததாலா, மட்டை நழுவியதாலா
என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுபடி மூட்டை. மறுபடி அவன். மறுபடி வளைவு.
சத்தமில்லை.
களிமண்ணில் மட்டும் லேசாக வரி விழுந்திருந்தது.
தகரத்துக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டர் மிச்சம்.
தச்சர் கணக்கில் ஒரு நூல்.

துவா வந்து கேட்டாள், என் மண் எங்கே?
மட்கார்டிலிருந்து அவளே உரித்தெடுத்து
டயர் வரியைத் தடவிப் பார்த்தாள்.
பாம்பு என்றாள். கோபம் போய்விட்டது.

வாசலில் முழுசாகத் திருப்பும்போது
முன்சக்கரம் உள்ளே எங்கோ உரசியது.
எனக்குக் கேட்டது.
அவனுக்கும் கேட்டிருக்கும்.
ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தான்.

அவனுடைய ஜாக்கி இன்னும் கராஜில் இருக்கிறது.
மறந்துவிட்டானா, தெரியவில்லை.
முப்பது கிலோ, சிவப்பு நிறம்,
கதவுக்கு நேர் எதிரே.