பதினான்காவது கட்டம்

காரைக்குடிக் கூட்டத்தில் கேட்டார்கள்,
புதுப் படிவத்தில் எந்தக் கட்டங்கள் இருக்கலாமென்று.
"அளக்க முடிஞ்சதை மட்டும் சொல்லுங்க, சிஸ்டர்."
பதிமூன்று தேறின.
ரத்த அளவு, எடை, தடுப்பூசி,
முதல் மணிக்குள் பால் கொடுத்தாளா.
எல்லாமே
வயிறு தெரிந்தபின் தொடங்குகிற கணக்கு.

புதுவயலில் என் அலமாரியில்
கரையான் விட்டுவைத்த பழைய பதிவேடு.
நீல மையில் என் கையெழுத்து:
பஞ்சவர்ணம், ரைஸ்மில் கூலி,
பெண் குழந்தை, 1.9.

அந்த ஒன்று புள்ளி ஒன்பதுதான்
இன்று காலை என்முன் உட்கார்ந்து
ரத்தம் எடுக்கக் கை நீட்டுகிறது.
தேன்மொழி. எட்டு புள்ளி இரண்டு.
"சாப்பிடுறியா?"
"சாப்பிடுறேன் சிஸ்டர்."
புடவையில் ஒட்டிய உமியைத் தட்டிக்கொள்கிறாள்.

எட்டாம் வகுப்போடு நின்றது,
பதினாறில் நெல் காயும் களத்தில் மயங்கி விழுந்தது,
முதலாவது கலைந்த மறுவாரமே
மில்லுக்குப் போனது
எதற்கும் கட்டமில்லை.
படிவத்தைப் பொறுத்தவரை
இவள் பிறந்ததே போன சித்திரையில்,
கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியில்.

பதிமூன்றாம் கட்டத்துக்கு வலப்புறம்
ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன்.
பென்சில்தான். ஆடிட்டில் கேட்டால்
அழித்துவிடலாம்.
தலைப்பு: தாய் பிறந்தபோது எடை.
கீழே 1.9.

அடுத்து வந்தவளிடமும் கேட்டேன்.
"அதெல்லாம் யாருக்கு சிஸ்டர் தெரியும்?"
சிரித்தாள்.
தெரியாது என்று எழுதினேன்.

மில் சங்கு ஊதும்போது பார்த்தேன்.
ஒரு 1.9,
அதன்கீழ்
ஏழு தெரியாது.