நான்காம் வரிசை

மிசூரி ஆறு மூன்றாம் வரிசை வரை ஏறி
திரும்பிப் போயிற்று.
நனைந்த மூட்டைகளைக் கவுண்டி லாரி அள்ளிக்கொண்டது,
டீசலும் சாக்கடையும் குடித்த மண், தொடாதே என்று.
நனையாத நான்காம் வரிசையைக் கேட்பாரில்லை.
ஏப்ரல் முழுக்க என் சுவரில் சாய்ந்து கிடந்தன
நாற்பத்தொரு மூட்டைகள்,
சம்பளம் நின்றுபோன காவலாளிகள் போல.

பிறகு தபாலில் குஞ்சுகள் வந்தன.
விடிகாலை ஐந்தரைக்குத் தபால் நிலையத்திலிருந்து போன்:
“வெர்னீடா, உன் பெட்டி கத்துகிறது. சீக்கிரம் வா.”
பதினாறு வையண்டாட். ஒன்று வழியிலேயே செத்திருந்தது.
மரச்சீவல் விற்கும் கடை அக்கரையில்;
பாலம் இன்னும் திறக்கவில்லை.

காய் நறுக்கும் கத்தியால்
முதல் மூட்டையின் வயிற்றைக் கிழித்தேன்.
இந்த ஆற்றின் அடியில் தோண்டிய மணல்தான்.
முள்ளை முள்ளால் எடுப்பார்கள்,
நாங்கள் ஆற்றை ஆற்றால் மறித்திருக்கிறோம்.

கலங்கல் போக ஏழு தண்ணீர் அலசி
பிட்சா தட்டில் பரப்பி அடுப்பில் உலர்த்தினேன்.
வீடு முழுக்க ஆற்று வாடை.
மார்ச்சில் எந்த வாடைக்குப் பயந்து
ஷூவைக் கழற்றாமல் படுத்திருந்தேனோ
அதே வாடை.

குளியல் தொட்டியில் இரண்டு அங்குலம் மணல்,
மேலே சிவப்பு விளக்கு.
முதல் இரண்டு நாள் காகிதம் விரிக்க வேண்டும்,
தீனி எது மண் எது என்று
குஞ்சுகளுக்குத் தெரியாது.
மூன்றாம் நாள் காகிதத்தை உருவினேன்.
பதினைந்தும் ஒற்றைக்காலைத் தூக்கி
அப்படியே நின்றன.

பூனைக்கு வாங்கிய சல்லடைக் கரண்டியால்
காலையும் மாலையும் எச்சத்தை அரித்தெடுப்பேன்.
பூனை இப்போது இல்லை.

ஆறாம் நாள் ஒன்று சரிந்து விழுந்தது.
கழுத்து திருகி, கண் செருகி, கால் உதறி.
அலறியபடி அள்ளினேன்.
என் கட்டைவிரலைக் கொத்திவிட்டு
மறுபடி குதித்து, மறுபடி விழுந்தது.
குளிக்கிறதாம்.
அதற்குள் இன்னும் நான்கு விழுந்திருந்தன.
தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து
சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்தக் குளியலை
மதியம் வரை பார்த்தேன்.
வேலைக்குப் போகவில்லை.

ஏழாம் மூட்டையில் முடிச்சு வேறு.
மற்றவை பள்ளிப் பிள்ளைகளும்
சிறையிலிருந்து கூட்டிவந்தவர்களும் கட்டியவை,
இழுத்தால் அவிழும்.
இது இடதுகை முடிச்சு:
இரண்டு சுற்று, நுனி உள்ளே மடிப்பு.
இப்படிக் கட்டுகிற ஆளை எனக்குத் தெரியும்.
எட்டு வருடமாக ஓமஹாவில் இருக்கிறான்,
அல்லது இருப்பதாக நினைத்திருந்தேன்.
அந்த இரவு என் வாசலில் கைமாற்றிக் கைமாற்றி
மூட்டை நகர்த்திய மழைக்கோட்டுகளை
ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.
எல்லாம் ஒரே மஞ்சள்.

கத்தி வைக்கவில்லை.
நகத்தால் அவிழ்க்க அரைமணி ஆயிற்று.
மற்ற மணலைப் போலத்தான் இருந்தது,
சரளை கொஞ்சம் அதிகம்.
நல்லதுதான். பல்லில்லாத ஜீவன்கள்,
கல்லை விழுங்கி வயிற்றில் வைத்து
அரைத்துக்கொள்ளும்.

அந்தக் கயிற்றில் விளக்கை
ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன்.
இரண்டாம் வாரம்.
சூட்டைக் குறைக்க வேண்டும்.