முத்திரை விழாத சரக்கு

ராத்திரி பதினொன்றேகால். கஞ்சிக்கோடு.
கணவாய்க் காற்று ஜன்னலைக்
கைமுட்டியால் இடிக்கிறது.
நுண்ணோக்கி அறையில் விளக்கை அணைத்தாயிற்று.
திரையில் ஒரு செல்,
சாகாமல், தன் பாட்டில்.

கரு நீலம்.
அதன் தோளோரம் பச்சையாய்
சலவைக்குப் போய்வந்த வேட்டி மடிப்புப் போல
திங்கட்கிழமை வரை இருந்தது கோல்கி.
இன்று பச்சை இருக்கிறது, மடிப்பு இல்லை.
மிதித்த வளையல்
எங்கெங்கும் துண்டு.

நாங்கள்தான் செய்தோம்.
மடிப்போடு மடிப்பை ஒட்டிப் பிடிக்கிற
புரதங்கள் இரண்டு உண்டு.
அவற்றைச் செய்யச் சொல்லி வரும் ஓலையை
வழியில் கிழித்துக்கொண்டே இருந்தோம்,
எழுபத்திரண்டு மணிநேரம்.
இருந்த பசையும் தேய்ந்து தீர்ந்தது.

"இனி ஒந்நும் புறத்து போவில்லா" என்றான் பினீஷ்.
எனக்கும் அதே நினைப்பு.
அடுக்கு சரிந்தால் வழி அடைபடும்,
சரக்கு உள்ளேயே கிடந்து நாறும்.

அடைபடவில்லை.
நாற்பது நிமிடத்தில் விளிம்பு தொடுகிற சரக்கு
இருபத்தைந்தில் தொட்டது.
மூன்று முறை எண்ணினேன்.
நான்காம் முறை பினீஷ் எண்ணினான்,
பிறகு பேசாமல் டீ போடப் போனான்.

எனக்கு வாளையாறு ஞாபகம் வந்தது.

மருதாசலம், என் வீட்டுக்காரர்,
வரிசையில் நின்ற லாரிகளுக்கு ஆம்லெட் விற்றவர்.
நாமக்கல் முட்டை லாரிக்காரருக்கே முட்டை விற்றேன் என்பார்,
அதில் ஒரு பெருமை.
ஆனி மாதத்து நள்ளிரவொன்றில் வரி மாறியது,
வரிசை கலைந்தது,
விடியும்போது ரோடு துடைத்து வைத்த தட்டு.
சாவடி நல்லதென்று சொல்லமாட்டேன்.
அங்கே கைமாறிய நோட்டுகளை
அவர் கல்லாவில் சில்லறையாய்ப் பார்த்திருக்கிறேன்.
கல்லை எடைக்குப் போட்டார்.
இப்போது ஆட்டோ ஓட்டுகிறார்,
முன்னைவிட நன்றாகத் தூங்குகிறார்.

ஆனால் இங்கே, இந்தத் தட்டில்,
சர்க்கரையைத் தொட்டறியும் சாயம் ஊற்றினால்
விளிம்பு முழுக்க மங்கல்.
சீக்கிரம் வந்த புரதங்கள்
பாதிச் சர்க்கரையோடு வந்திருக்கின்றன.
ஒவ்வொரு மடிப்பிலும் நின்று
ஒன்றை வெட்டி, ஒன்றைச் சேர்த்து,
கடைசி முத்திரை வாங்கியிருக்க வேண்டும்.
நிற்கவில்லை.
ஒரு பொத்தான் போட்ட சட்டையோடு
கல்யாணத்துக்கு வந்துவிட்டார்கள்.

இந்த நெரிசலில்
வீட்டோடு இருக்கவேண்டியதும் சில ஏறிவிடும்.
அதன் வாலில் நான்கே நான்கு அமினோ அமிலம், விலாசம் மாதிரி.
கோல்கியின் லேசான புளிப்பில்
ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்ளும்,
புளிப்புக் குறைந்த வீட்டுக்குத் திரும்பியதும்
கை தானே அவிழும்.

தினமும் எல்லை தாண்டும்போது
என் போனுக்கு இரண்டு வரவேற்பு வருகிறது.
பகலில் மலையாளத்தில் சண்டை போடுகிறேன்,
எண்ணும்போது மட்டும் தமிழ்.
இறங்குமிடம் க.க.சாவடி.
என் வாலில் இருக்கும் நான்கை
எந்தப் புளிப்பு படிக்கிறதோ.

ஸ்ரீகலா மேடத்துக்குப் படம் அனுப்பினேன்.
பதில் ஒரு சொல்: ரிப்பீட்.

மூடப் போகும்போதுதான் பார்த்தேன்,
தட்டின் ஓரத்தில்
எங்கள் மருந்து எட்டாத ஒரு செல்
இரண்டாகத் தயாராகிறது.
அதன் கோல்கியும் உடைந்துகொண்டிருந்தது.
யாரும் ஓலை கிழிக்கவில்லை.
அதே பசைப் புரதத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி,
விடு என்று சொல்லி,
நாங்கள் மூன்று நாள் பட்ட பாட்டை
நிமிடக் கணக்கில்.
பிள்ளைகள் இருவருக்கும் பங்கு போகவேண்டும்,
அதற்காக.
பிரிந்தபின் அந்தப் பாஸ்பேட்டை உரித்துவிட்டு
ஆளுக்கொரு மடிப்பாய்த் திரும்ப அடுக்கும்.

பூட்டுச் சாவியோடு பினீஷ் வாசலில்.
கீழே கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் மருதாசலம்,
ரெண்டு மிஸ்டு கால்.

இன்னும் கொஞ்சம், என்றேன்.
நடுவில் இடுப்பு
ஒடுங்கத் தொடங்கியிருந்தது.